அடுத்த அடி எங்கே? எல்லையோரப் பாறைகளில் டைனோசர் காலடித் தடம் தேடப் புறப்படுவோருக்கு

கோடையில் ஏரி வற்றும்போது கரையோரச் சேற்றில் மயில் நடந்து போன தடத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவிரல் நீண்டிருக்கும். இரு பக்கமும் இரண்டு விரல்கள் விரிந்திருக்கும். விரல் நுனியில் நகம் குத்திய புள்ளி தெரியும். ராஜஸ்தானில் ஜெய்சல்மேருக்கு அருகே தையாத் என்ற ஊரில், மணற்கல்லில் கிடைத்த டைனோசர் தடங்களும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான். அவற்றுள் பெரியது 35 செ.மீ. நீளம். சிறியது ஐந்தரை செ.மீ., வீட்டுக் கோழியின் கால் அளவுதான்.

நான் இருப்பது ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. பள்ளிப் பிள்ளைகள் கல்லைக் கையில் ஏந்தி வந்து, "சார், இது டைனோசர் கால்தானே?" என்று கேட்பார்கள். பாலக்காட்டிலும் மறையூரிலும் இருக்கும் நம்மவர்களும் இதே கேள்வியைப் படத்துடன் அனுப்புகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சேர்ந்ததை, புதிதாகத் தொடங்குகிறவருக்கு உதவும் வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் கல்லின் வயது

பறவைகளைச் சேர்க்காமல் சொன்னால், டைனோசர்கள் வாழ்ந்தது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை. உங்கள் காலடியில் இருக்கும் பாறை அந்தக் காலத்தில் படிந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதில் எவ்வளவு அழகான மூன்று விரல் குழி இருந்தாலும் அது தடம் ஆகாது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் நகரி மலையடிவாரத்தில் ஒரு பாறைப் பலகையில் மூன்று விரல் போன்ற பள்ளத்தைக் கண்டேன். பக்கத்திலேயே பழைய அலை படிந்த வரிகள் வேறு. சேறு, நீர், கால் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. படம் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பினேன். நிலவியல் படித்த நண்பர் ஒருவர் அந்த இடத்துக்கே வந்தார். கத்தி முனையால் பாறையின் ஓரத்தைக் கீறினார். கோடு விழவில்லை, இரும்பின் கறைதான் விழுந்தது. "இது குவார்ட்சைட், உருமாறி இறுகிய மணற்கல். இது மணலாகக் கிடந்தபோது உலகில் கால் உள்ள உயிர் எதுவுமே இல்லை" என்றார். நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான பாறை அது. அலைவரிகள் உண்மையானவை. பள்ளம், பிளவு மூன்று சந்தித்த இடத்தில் கல் சிதைந்து விழுந்த வடு. படம் அனுப்பிய பத்துப் பேருக்கும் திருத்தம் எழுதினேன்.

கேரளப் பக்கத்து நண்பர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பாலக்காடு, இடுக்கி மலைகளின் பெரும்பகுதி சார்னோகைட், நைஸ் வகைப் பாறை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய கல், 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. வர்க்கலையின் செம்பாறைக் குன்றும் கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லும் படிவுப் பாறைகள்தாம். ஆனால் டைனோசர்கள் போய் நெடுங்காலத்துக்குப் பின் படிந்தவை. ஆகவே கேரளத்தில் இருப்பவர்கள் வீட்டருகே பயிற்சி செய்யலாம், தேடலுக்குப் பயணம்தான் போக வேண்டும்.

எங்கள் பக்கம் சற்று வேறு. சத்தியவேடு, ஸ்ரீபெரும்புதூர் என்ற இரண்டு ஊர்களின் பெயரைத் தாங்கிய பாறை அடுக்குகள் தொடக்க கிரெட்டேசியஸ் காலத்தவை. அந்தக் காலம் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 10 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. இந்த அடுக்குகளில் கிடைத்தவற்றுள் பேர்பெற்றவை இலைப் படிவங்கள். சைக்கஸ் இலையை நினைவூட்டும் டிலோபில்லம் அவற்றில் ஒன்று. கடல் உள்ளே வந்து போனதற்குச் சாட்சியாக, சுருள் ஓடு கொண்ட கடலுயிரியான அம்மோனைட்டும் கிடைத்திருக்கிறது. காலடித் தடத்துக்காக எங்கள் எல்லைப்புறம் பேர் வாங்கியதில்லை. வயது பொருந்துகிறது, சேறும் மணலும் படிந்த அடுக்குகள் இருக்கின்றன. அந்த அளவு நம்பிக்கையோடு மட்டும் புறப்படுங்கள்.

உங்கள் ஊர்ப் பாறை எது என்று அறிய, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பூகோஷ் இணையதளத்தில் நிலவியல் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மாலை அதில் செலவிட்டால் பத்து வீண் பயணம் மிச்சம்.

எந்தக் கல் தடத்தைத் தாங்கும்

சத்தியவேட்டுப் பாறைகளில் கண்ணை முதலில் இழுப்பது உருள்கற்கள் ஒட்டிக் கிடக்கும் திரள் பாறை. தேங்காய் அளவுக் கற்கள்கூட அதில் பதிந்திருக்கும். பூண்டிக்கு மேற்கே குடியம் குகைகள் இருப்பது இந்த வகைப் பாறையில்தான். அதில் தடம் தேடாதீர்கள். வெள்ளத்தில் உருண்டு வந்த கல்லின்மேல் எந்தக் காலும் பதியாது. அதனிடையே வரும் மெல்லிய மணற்கல், வண்டல் கல், வெள்ளையும் இளமஞ்சளுமான களிக்கல் ஆகியவற்றைப் பாருங்கள். விரலால் தேய்த்தால் மாவு போல் வருவது, தட்டினால் ஏடு ஏடாகப் பிரிவது, இவை நல்ல குறிகள். அலைவரியோ, சேறு காய்ந்து பலகோணமாக வெடித்த கோடுகளோ கண்டால் அங்கேயே உட்காருங்கள். அந்த இடம் ஒரு காலத்தில் ஈரமாக இருந்து, பிறகு காற்றுப்பட்டது என்பதற்கு அவை சாட்சி. நடக்கிற விலங்கு நடந்திருக்கக்கூடிய இடம் அது.

ஏரிச் சேற்றில் ஒரு மாதம்

பாறைக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் சேற்றைப் படியுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தாம் அதிகம் ஏமாறுகிறார்கள்.

மே மாதக் காலையில் ஏரிக்கரைக்குப் போங்கள். கொக்கு, மயில், மாடு, நாய், ஆடு எல்லாம் அங்கே கையெழுத்துப் போட்டிருக்கும். நீர் விளிம்பில் கூழாக இருக்கும் சேற்றில் மாட்டின் குளம்பு வெறும் குழியாக இருக்கும். சேறு சரிந்து மூடியிருக்கும். நாலடி தள்ளி, சப்பாத்தி மாவுப் பதத்தில் உள்ள சேற்றில் அதே மாட்டின் குளம்பு பிளவு, விளிம்பு எல்லாம் தெளிவாக இருக்கும். இன்னும் மேலே, காய்ந்த மண்ணில் ஒரு கீறல் மட்டும். ஒரே மாடு, ஒரே நடை, மூன்று வடிவம். பாறையில் வடிவத்தைப் பார்த்தவுடன் விலங்கின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதை இந்தச் சில அடி தூரம் கற்றுக்கொடுத்துவிடும்.

மயில் தடத்தை ஆற அமரப் பாருங்கள். விரல்களுக்குள் சிறு சிறு மேடாகப் பட்டைகள் தெரியும். விரலெலும்பு மூட்டுகளுக்குக் கீழே உள்ள சதைத் திண்டுகளின் அச்சு அது. அழுத்திய இடத்தைச் சுற்றிச் சேறு பிதுங்கி ஒரு வரப்பு எழுந்திருக்கும். இடது, வலது, இடது என்று தடங்கள் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் போகும். இரண்டு காலால் நடந்த டைனோசர்களின் தடவரிசையும் இப்படி ஒடுங்கியே போகும்.

அடுத்து ஒரு பிஸ்கட் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். களிமண், மணல், களிமண், மணல் என ஒவ்வொன்றும் அரை விரல் கனத்தில் அடுக்குங்கள். கறிக்கடையில் கேட்டால் கோழிக்கால் தருவார்கள். அதை மேலே வைத்து நன்றாக அழுத்தி எடுங்கள். இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு, கூரான கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேல் அடுக்கில் விரல் தெளிவாக இருக்கும். அடுத்த அடுக்கும் அதற்கடுத்ததும் கால் படாமலேயே வளைந்திருக்கும், வரவர மழுங்கி. எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தி அந்த வெட்டுமுகத்தைப் பார்த்து, "போர்வை மேலே மிதிச்சா பாயும் பள்ளமாகிற மாதிரி" என்றாள். பாறையில் மேல் அடுக்கு கரைந்து போய், இந்த அடித்தடம் மட்டும் நமக்குக் கிடைப்பதுண்டு. நகமோ திண்டோ அதில் தெரியாது.

இன்னொரு தடத்தின் மேல் மணலும் சிமெண்டும் குழைத்து ஊற்றி, மறுநாள் கவிழ்த்துப் பாருங்கள். குழியின் எதிர் வடிவம், புடைத்து நிற்கும். பாறையிலும் இப்படித்தான். களிக்கல் எளிதில் கரைந்துவிடும். மேலே படிந்த மணற்கல்லின் அடிப்பக்கத்தில் கால் புடைப்பாக நிற்கும். ஆகவே பலகைக் கற்களைக் கண்டால் அடிப்பக்கத்தையும் பார்க்கப் பழகுங்கள்.

போகும் இடமும் நேரமும்

எங்கள் பக்கம் காட்டுக்குள் போகாதீர்கள். செம்மரக் காடு என்பதால் வனத்துறையின் கண்காணிப்பு கடுமையானது. அனுமதி இல்லாமல், கையில் சுத்தியலோடு, வெளியூர்த் தமிழ் பேசிக்கொண்டு நிற்பவரின் விளக்கத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. கல்குவாரியின் செங்குத்துச் சுவருக்கடியிலும் நிற்க வேண்டாம். சாலைக்காக வெட்டிய சரிவு, ஓடைக்கரை, புதிதாகத் தோண்டிய கிணற்றின் மண்மேடு ஆகிய மூன்றும் போதும். பட்டா நிலம் என்றால் உரியவரைக் கேட்டுவிட்டுக் கால் வையுங்கள்.

கேட்பதில் மரியாதை மட்டும் இல்லை, செய்தியும் இருக்கிறது. ஒருமுறை கிணற்றுமேட்டில் நின்றுகொண்டிருந்தேன். நிலத்துக்காரப் பெரியவர் வந்தார்.

"என்ன சார், புதையலா தேடுகிறீர்கள்?"

"இல்லை ஐயா. கல்லில் இலை அச்சு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். உங்களைத் தேடினேன், வீட்டில் இல்லை என்றார்கள்."

"இலைதானே? எங்கள் அப்பா கிணறு வெட்டியபோது வெள்ளைக் கல்லில் சீப்பு மாதிரி வந்தது. வரப்பில் சார்த்தி வைத்திருக்கிறேன், வாருங்கள்."

அந்தப் பலகையில் இருந்தது, நடுநரம்பின் இரு பக்கமும் சீப்புப் பல் போலக் கீற்றுகள் நிறைந்த இலை. என் சொந்தக் கண்ணால் நான் ஐந்து ஆண்டு தேடியிருந்தாலும் அந்த வரப்புக்குப் போயிருக்க மாட்டேன்.

நேரம் என்றால், வெயில் சாய்ந்திருக்கும் நேரம். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஒளி பக்கவாட்டில் விழும். கால்வாசி விரற்கடை ஆழப் பள்ளம்கூட நிழலால் எழுந்து நிற்கும். அதே பாறையை நண்பகலில் பார்த்தால் வெறும் தரை. நிழலான இடத்தில், ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துச் சுற்றிலும் நகர்த்திப் பாருங்கள்.

அது தடம்தானா

ஒரு குழியைக் கண்டதும் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த அடியைத் தேடுங்கள். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதற்கு இணை இல்லை. நடந்து போன விலங்கு ஒற்றைக் காலை மட்டும் வைத்துவிட்டுப் பறந்து போயிருக்காது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில், வண்டியால் களிமண்ணை வழித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவருக்குத் தரையில் ஒரு மேடு தட்டுப்பட்டது. ஒன்றோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். மூன்று மீட்டர் தள்ளி இன்னொன்று, மேலும் மூன்று மீட்டரில் மற்றொன்று. அந்தச் சீரான இடைவெளிதான் அவரை நிறுத்தியது. 2024இல் அங்கே தோண்டியபோது சுமார் 200 தடங்கள் வெளிப்பட்டன, 16.6 கோடி ஆண்டு பழையவை.

ஆகவே முதல் குழியின் நடுவில் நூலைப் பிடித்து, விரல் காட்டும் திசையில் நீட்டுங்கள். இரண்டாவது, மூன்றாவது குழிகள் ஒரே அளவில், ஒத்த இடைவெளியில், இடம் வலம் மாறி மாறி வந்தால் நெஞ்சு படபடக்கலாம். பாறை அங்கே உடைந்து முடிந்துவிட்டால், ஒற்றைக் குழி "ஐயத்துக்குரியது" என்றுதான் குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

பிறகு விளிம்புக்கு வாருங்கள். பிஸ்கட் டப்பாவில் பார்த்ததை நினைவில் வைத்து, குழியின் பக்கவாட்டில் பாறை ஏடுகள் கீழ்நோக்கி வளைகின்றனவா, அறுபட்டு நிற்கின்றனவா என்று பாருங்கள். வளைந்தால் அழுத்தம் நடந்திருக்கிறது. அறுபட்டிருந்தால் பின்னாளில் நீரோ உளியோ குடைந்தது. சுற்றிலும் பிதுங்கிய வரப்பு இருந்தால் இன்னும் நல்லது.

ஏமாற்றுகிறவை எவை? ஓடைப்பாறையில் கூழாங்கல் சுழன்று குடைந்த உரல்குழி, வழவழப்பாக, வட்டமாக இருக்கும். கல் பிளக்க உளியால் அடித்த குழிகள் ஒரே நேர்கோட்டில், கைவிரல் இடைவெளியில் வரிசையாக இருக்கும். இடம் வலம் மாறாது. ஜேசிபி வாளியின் பல் மூன்று கீறல்களை இணையாக விட்டுச் செல்லும். விரல்கள் குதிகாலில் சேரும், பற்கீறல்கள் சேரவே சேராது. கல்லுக்குள் இருந்த இரும்பு உருண்டை கழன்று விழுந்த பள்ளமும் உண்டு. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. நிலவியலாளர்கள் பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்த உருண்டைகள் என்று விளக்கினார்கள். அம்மோனைட்டும் அரிய பொருள்தான். பெயர் மாறியதால் அதன் மதிப்பு குறையவில்லை.

அமெரிக்காவின் டெக்சஸில் பலக்ஸி ஆற்றுப் படுகையில் நீண்ட தடங்களைப் பார்த்து, டைனோசரோடு மனிதனும் நடந்தான் என்று நெடுங்காலம் நம்பியவர்கள் இருந்தார்கள். டைனோசர் பாதத்தைத் தாழ்த்திக் குதிகால் பகுதியும் பதிய நடந்ததும், விரல் பள்ளங்களில் வண்டல் நிரம்பி மறைந்ததும் அதற்குக் காரணம். நிரம்பிய வண்டலின் நிறவேறுபாட்டைக் கவனித்தபோது மூன்று விரல்கள் தெரிந்தன. குழியின் ஆழத்தை மட்டும் பார்க்காமல் நிறத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

மலைகளில் தெய்வப் பாதம் என்று ஊர் வணங்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே டேப்பையும் சுத்தியலையும் எடுக்காதீர்கள். கும்பிட்டுவிட்டு அடுத்த பாறைக்குப் போங்கள்.

யாருடைய கால்

மேலே சொன்ன சோதனைகளில் தேறினால்தான் இந்தக் கேள்வி. மூன்று விரல்கள் ஒல்லியாக, நீளம் அகலத்தைவிடக் கூடுதலாக, நுனியில் நகக்கூர் தெரிந்தால் தெரோபாட் என்னும் ஊனுண்ணிக் கூட்டம். தையாத் தடங்கள் அந்த வகை. விரல்கள் தடித்து மழுங்கி, நீள அகலம் ஏறக்குறைய சமமாக, குதிகால் உருண்டிருந்தால் ஆர்னிதோபாட் என்னும் தாவர உண்ணி. பெரிய அண்டாவின் அடி போன்ற குழியும் அதற்கு முன்னால் பிறை வடிவச் சிறு குழியும் ஜோடியாக வந்தால் நீள்கழுத்து சாரோபாட். பெரியது பின்கால், பிறை முன்கால். ஐதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் கோட்டாசாரஸ் எலும்புக்கூடு நிற்கிறது. போகிறவர்கள் தலையை அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காமல் குனிந்து பாதங்களையும் பாருங்கள்.

தடத்தின் பெயர் வேறு, விலங்கின் பெயர் வேறு. யூப்ரான்டிஸ், கிராலேட்டர் என்பவை தடத்துக்கு வைத்த பெயர்கள். நடந்தது எந்த விலங்கு என்பதை தடம் மட்டும் வைத்துச் சொல்ல முடிவது மிக அரிது.

இடுப்பின் உயரம் தோராயமாகப் பாத நீளத்தைப்போல் நான்கு மடங்கு. 35 செ.மீ. பாதம் என்றால் 1.4 மீட்டர் உயரத்தில் இடுப்பு, நம்மில் பலருக்குத் தோளளவு. ஒரே காலின் இரண்டு தடங்களுக்கு இடையே உள்ள தூரம் அந்த உயரத்தைப்போல் இரு மடங்குக்குள் இருந்தால் நடந்திருக்கிறது. மூன்று மடங்கை நெருங்கினால் ஓடியிருக்கிறது.

பதிவு செய்தல்

டேப், சிறு அளவுகோல், மெல்லிய தூரிகை, நூல், ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள், மார்க்கர், குறிப்பேடு. சுத்தியல் பட்டியலில் இல்லை.

தூரிகையால் மண்ணைத் துடையுங்கள். அளவுகோலைத் தடத்தின் பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்து ஒரு படம். பிறகு சுற்றி வந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு பாதிக்கு மேல் பொருந்தும்படி நாற்பது ஐம்பது படங்கள் எடுங்கள். அவற்றை வைத்துப் பின்னால் கணினியில் முப்பரிமாண உருவம் செய்ய முடியும். செல்போன் கேமராவே போதும். பிளாஸ்டிக் தாளை விரித்து விளிம்பை வரைந்துகொள்ளுங்கள். வடக்கு எந்தப் பக்கம், பாறையின் சாய்வு எப்படி, மேலும் கீழும் என்ன அடுக்கு என்பதை அங்கேயே எழுதுங்கள்; வீட்டுக்கு வந்தபின் எழுதுவது பாதி கற்பனை. சுண்ணக்கட்டியால் விளிம்பைத் தீட்டுவது, எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது, பிளாஸ்டர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். பிளாஸ்டர் ஏரிச் சேற்றோடு நிற்கட்டும்.

எங்கள் பக்கம் தேடும்போது கற்கால மனிதனின் கைக்கோடரி தட்டுப்படலாம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் கண்டவை போன்றவை. படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சொல்ல வேண்டியவர்கள்

வரிசையாக மூன்று அடிகள் கிடைத்தால், சமூக ஊடகத்தில் போடாதீர்கள். மறுநாளே பலகையைப் பெயர்த்துக்கொண்டு போக ஆள் வந்துவிடும். பெயர்த்த கல்லிலிருந்து திசையும் அடுக்கும் அடுத்த அடியும் போய்விடும். படங்களையும் இடக்குறிப்பையும் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு அனுப்புங்கள். தென்மண்டல அலுவலகம் ஐதராபாத்தில் இருக்கிறது. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் துறை உண்டு. நிலத்துக்காரரிடம் முதலில் சொல்லுங்கள், அவர் பேரைக் குறிப்பில் சேர்க்கலாமா என்றும் கேளுங்கள்.

ஓடைக்கரை என்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தகவல் போய்விட வேண்டும். டிசம்பர் வெள்ளம் கரையை அறுத்துவிட்டுப் போகும். ஜனவரியில் தண்ணீர் இறங்கியதும் அதே கரைக்கு, அதே குறிப்பேட்டோடு போய், புதிதாக எந்த அடுக்கு வெளியே வந்திருக்கிறது என்று முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் பாருங்கள்.